அவள் எழுதாத திருப்பம்

பெனிட்டாவின் வண்டிக்குள் இருந்த பேய் நான்தான்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தன் கையால் செய்த சின்ன இயந்திர வண்டியைப் பார்த்து நடுங்கினாள். அதற்கென்று ஒரு மனசு இருக்கிறது, அந்த மனசுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நம்பினாள். மனசு இருந்தது உண்மைதான். ஆனால் வண்டிக்குள் இல்லை... அடுத்த அறையில், என் சட்டைப் பையில் இருந்தது.

பிள்ளைகளே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். பெரியவர்களிடம் சொன்னால், "பெத்த பாசம்தானே, விடுங்க" என்று சொல்லி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நீங்கள் அப்படி இல்லை. விளையாட்டில் ஒருவன் ஏமாற்றினால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவனையே பார்ப்பீர்கள். அந்தப் பார்வை எனக்கு வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில், கோபுரத்துக்குப் போகிற கடைத்தெருவில் எனக்கு ஒரு பொம்மைக் கடை. பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆனால் பேட்டரி பொம்மை எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பூட்டிவிடுவேன். வாசலில் ஊதல், பம்பரம், சொப்பு. உள்ளே ரிமோட் கார்கள். கோயிலுக்கு வந்துவிட்டுத் திரும்புகிற குடும்பங்கள் என் கடை வாசலில் நிற்பதற்கு அந்தக் கார்கள்தான் காரணம்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. ரிமோட் கார் கேட்டால், பெட்டியைப் பிரித்து, செல் போட்டு, தரையில் ஓட விட்டுக் காட்டித்தான் கொடுப்போம். அப்படிக் காட்டும்போது ஒரு வேடிக்கை நடக்கும். விலை குறைந்த கார்கள் எல்லாம் அப்போது ஒரே அலைவரிசையில் வரும். ஒரு ரிமோட்டை அழுத்தினால், பக்கத்தில் சுவிட்ச் போட்டு வைத்திருக்கிற இன்னொரு காரும் ஓடும். யாரும் தொடாத கார், ஓரமாகக் கிடந்த கார், திடீரென்று சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு கிளம்பும். சில பிள்ளைகள் சிரிப்பார்கள். சில பிள்ளைகள் அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய்விடுவார்கள்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவது முழுக்க அந்த ஓரத்துக் காரைப் பற்றித்தான்.

என் மகள் கோதை. அவளும் புத்தூர் பெனிட்டாவும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பெனிட்டாவின் அம்மா புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா வெளிநாட்டில். பள்ளிகளுக்கிடையே நடக்கிற ரோபோ போட்டிக்கு இரண்டு பேரும் சேர்ந்து பெயர் கொடுத்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் போட்டி. தரையில் ஒரு ஊரை வரைந்திருப்பார்கள். தெரு, பாலம், சந்தை எல்லாம் உண்டு. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு, எதிலும் இடிக்காமல், ஆஸ்பத்திரியில் கொண்டு போய் வைக்க வேண்டும். அவ்வளவுதான் போட்டி.

முந்தைய வருஷம் வரை ரிமோட் வைத்து ஓட்டலாம். அதில் என் மகளை மிஞ்ச ஆள் கிடையாது. கடையிலேயே வளர்ந்தவள் அல்லவா? கண் காரில் இருக்கும், விரல் தானாக வேலை செய்யும். பெனிட்டா ஒயரைப் பூட்டுவாள், ஸ்க்ரூ முடுக்குவாள், கோதை ஓட்டுவாள். அந்த வருஷம் இரண்டாம் பரிசு வாங்கினார்கள். மேடையில் வாத்தியார் ஒருவர் மைக்கில், "இந்தப் பொண்ணு லாரியே ஓட்டும்" என்றார். அரங்கமே சிரித்தது. நான் அதைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வருஷம் விதி மாறியது.

பள்ளியில் போட்டி வேலையைப் பார்த்துக்கொள்கிற சுகந்தி மிஸ், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார். இனிமேல் ரிமோட் கிடையாது. வண்டி தானாக ஓட வேண்டும். கறுப்புக் கோட்டைப் பார்த்து அதுவே போக வேண்டும், அதுவே திரும்ப வேண்டும். பாலத்தின் மேல் மட்டும் கோடும் இருக்காது. அங்கே வண்டி தானே யோசித்துக் கடக்க வேண்டும். ஊதல் ஊதிய பிறகு யாரும் தொடக்கூடாது. கடைசியாக ஒரு வரி: பெரியவர்கள் யாரும் வண்டியில் கை வைக்கக்கூடாது.

"பாலத்துல கோடே இல்லையாம்" என்றாள் கோதை.

"நம்ம ஊர்ப் பாலத்துலயுந்தான் கோடு தெரியல. பஸ்ஸு போகலையா?" என்றேன் நான்.

அவள் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

தானாக ஓட வேண்டுமென்றால் புரோகிராம் எழுத வேண்டும். அது பெனிட்டாவுக்குக் கை வந்தது. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வரை தனியாக வீட்டில் இருக்கிற பெண். பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு தானாகவே கற்றிருந்தாள். எங்கள் வீட்டு மாடி அறையில் இருவரும் வேலை செய்தார்கள். பழைய ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பிப் போட்டு, அந்த வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டித் தெரு போட்டிருந்தார்கள். பெனிட்டா லேப்டாப்பில் தட்டுவாள். கோதை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வண்டி கோட்டை விட்டு விலகினால் எடுத்து மறுபடி வைப்பாள். அவ்வளவுதான் அவளுக்கு வேலை.

ஒருநாள் சாப்பிடும்போது கோதை தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "எனக்கு இனிமே அதுல என்னப்பா வேலை?"

நான் ரசக் கிண்ணத்தைத் தேடினேன். அவள் அம்மாதான், "கூட இருக்கறதும் வேலைதாண்டி" என்றாள்.

"வண்டியத் தூக்கி வெக்கறதுக்கு எதுக்கும்மா நான்? ஒரு பூனைய வளத்தா போதும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் இதைச் செய்திருக்க மாட்டேனோ... தெரியவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அந்த விரல்களையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரியே ஓட்டும் என்று வாத்தியார் சொன்ன விரல்கள்.

மறுநாள் மதியம், கோயில் நடை சாத்திக் கடைத்தெரு அடங்குகிற நேரம், கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மனைவி கீழே கண்ணயர்ந்திருந்தாள். மாடிக்குப் போய் வண்டியைத் திருப்பினேன். ஒரு பழைய பொம்மைக் காரிலிருந்து, ரிமோட் சொல்வதைக் கேட்கிற சின்னத் தகட்டைக் கழற்றி, பேட்டரிப் பெட்டிக்கு அடியில் ஒளித்துப் பூட்டினேன். புரோகிராம் என்ன சொன்னாலும், ரிமோட்டை அழுத்தினால் ரிமோட் சொல்வதுதான் நடக்கும். அப்படி ஒயரை இணைத்தேன். மூடியை ஒட்டிவிட்டேன். அந்தக் காரின் ரிமோட்டை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் இருவரிடமும் சொன்னேன்: "பேட்டரிப் பெட்டிய ஒட்டி வெச்சிருக்கேன், தொறக்காதீங்க. ஷாக் அடிக்கும்."

அந்தச் சின்ன பேட்டரியில் எறும்புக்குக்கூட ஷாக் அடிக்காது. பெனிட்டாவுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனாலும் அவள், "சரிங்க அங்கிள்" என்றாள். வீட்டுப் பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும் என்று அவளைப் பழக்கியிருந்தார்கள்.

எதற்காகச் செய்தேன்? அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டது இது: பிள்ளைகள் சிரமப்படுகிறார்கள், பாலத்தில் வண்டி தடுமாறினால் ஒரு தட்டுத் தட்டி உதவலாம், ஜெயித்துவிட்டுப் போகட்டும். நல்ல காரணம்தானே? இந்தக் காரணத்தைக் கீழே வைக்காதீர்கள். சற்று நேரத்தில் இதை நானே கிழித்துப் போடுவேன்.

முதல் முறை நான் அழுத்தியது அந்த வாரக் கடைசியில். மாடி அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல் உண்டு, திரை போட்டிருக்கும். திரைக்கு இந்தப் பக்கம், துணி மடிக்கிற மாதிரி நின்றேன். வண்டி கோட்டின் மேல் மெல்லப் போனது. சந்தை மூலையில் கோடு இடது பக்கம் வளைகிறது. வண்டி வளையாமல் நேராகப் போகப் பார்த்தது. பைக்குள் என் கட்டைவிரல் அழுத்தியது. வண்டி அழகாக இடது பக்கம் திரும்பியது.

கோதை கைதட்டினாள். "திரும்பிடுச்சுடி!"

பெனிட்டா கைதட்டவில்லை. லேப்டாப்பைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். மறுபடி லேப்டாப்பைப் பார்த்தாள்.

"அந்தத் திருப்பத்த நான் இன்னும் எழுதவே இல்லையே" என்றாள்.

அந்தக் குரல்... எப்படிச் சொல்வது? வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் வந்தால், உள்ளே விளக்கு எரிகிறது. அப்போது ஒருவர் பேசுகிற குரல் அது. செய்தவன் நான். என் கையைப் பார்த்து நானே பயந்தேன். ஆனால் கையை வெளியே எடுக்கவில்லை.

அடுத்து நடந்ததை நான் செய்யவில்லை. அதனால்தான் அது இன்னும் மோசம்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல். கோதை கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெனிட்டா மட்டும் மேலே. நான் கடையில். வண்டிக்கு சுவிட்ச் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, புரோகிராமை இன்னும் ஓட விடாமல், லேப்டாப்பில் எதையோ திருத்திக்கொண்டிருந்தாளாம். வண்டி தானாகக் கிளம்பியது. கோட்டில் இல்லை. நேராக அவளை நோக்கி. அவள் காலருகே வந்து நின்றது. பின்னால் போனது. மறுபடி வந்தது.

"நில்லு" என்றாளாம்.

நின்றதாம்.

அவள் மூச்சு விடுவதற்குள் மறுபடி வந்து, அவள் கால் விரலில் முட்டி, முட்டியபடியே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்ததாம். கோதை சத்தம் கேட்டு மேலே ஓடியபோது, பெனிட்டா கட்டிலின் மேல் ஏறி நின்றுகொண்டு, லேப்டாப்பை மார்போடு அணைத்திருந்தாள். வண்டி கட்டில் காலை முட்டிக்கொண்டிருந்தது.

இதைக் கோதை அன்று மாலை சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்பக்க வீட்டில் ஒரு சின்னப் பயல். அந்த வாரம்தான் அவன் அப்பா என் கடையில் ஒரு சிவப்பு ரிமோட் கார் வாங்கிப் போனார். நான் வண்டிக்குள் ஒளித்த தகடும் அந்த ரகம்தான். அவன் தன் வீட்டு முற்றத்தில் காரை ஓட்டியிருக்கிறான். அவன் முன்னே என்றால் முன்னே. பின்னே என்றால் பின்னே. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் கட்டிலில் ஏறி நிற்பது அவனுக்கு எப்படித் தெரியும்? என் கடையின் வேடிக்கை, அந்த ஓரத்துக் கார், என் வீட்டு மாடிக்கே வந்துவிட்டது.

ஒரு வாக்கியம் போதும். "பயப்படாதேம்மா, அது பின்வீட்டுப் பையனோட ரிமோட்." அதைச் சொன்னால் தகடு எப்படி உள்ளே வந்தது என்ற கேள்வி வரும். ஆகவே சொல்லவில்லை.

என் மனைவி உப்பும் மிளகாயும் எடுத்து வண்டியைச் சுற்றி அடுப்பில் போட்டாள். "ரெண்டாம் பரிசு வாங்கினதுலேருந்தே கண்ணு பட்டுருக்கு" என்றாள். பெனிட்டா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, மிளகாய் நெடியில் இருமிக்கொண்டே, இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத்தான் சுற்றிப் போட்டிருக்க வேண்டும்!

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தகட்டைக் கழற்ற மதிய நேரம் ஒன்று போதும். கழற்றவில்லை. இப்போது அந்த நல்ல காரணத்தைக் கிழிக்கிறேன், பாருங்கள்.

அதற்கு அடுத்த நாட்களில் பெனிட்டா துணிந்து மறுபடி வந்தாள். பயத்தோடுதான் வந்தாள், ஆனால் வந்தாள். புரோகிராமை முதலிலிருந்து வரி வரியாகப் படித்தாள். பாலத்தைக் கடக்கிற வழியையும் கண்டுபிடித்துவிட்டாள். ஓட விடுவதற்கு முன் கோதையிடம், "நீ அந்தப் பக்கம் போய் நில்லுடி, விழுந்தா பிடி, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாள்.

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஒன்றுமே இல்லாத பேச்சு. ஆனால் திரைக்குப் பின்னால் நின்ற எனக்குச் சுட்டது. விழுந்தால் பிடி... என் மகள், லாரி ஓட்டுகிற என் மகள், போய் நின்றாள்.

வண்டி பாலத்தில் ஏறியது. சரியாகத்தான் போனது. நன்றாகத்தான் போனது! என் கட்டைவிரல் அழுத்தியது. வண்டி பாலத்தின் நடுவில் சுழன்று, விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தது.

உதவியா இது? சொல்லுங்கள். இது உதவியா?

அன்று முதல் பெனிட்டா ஓட விட்டால் வண்டி விலகியது. கோதை பட்டனை அழுத்தி ஓட விட்டால் ஒழுங்காகப் போனது. இதை ஒரு முறை, இரண்டு முறை செய்திருந்தால் கை தவறிவிட்டது என்பேன். நான் தினமும் செய்தேன். துணி மடிக்கிற மாதிரி நின்றுகொண்டு, நிதானமாகச் செய்தேன். கோதையின் முகம் மலர்வதைத் திரையின் இடுக்கில் பார்த்தேன். அந்த மலர்ச்சிக்காக எதையும் செய்யலாம் என்று தோன்றியது. பெனிட்டாவின் முகத்தைப் பார்க்காமலிருக்கக் கற்றுக்கொண்டேன்.

"உன் கை பட்டா ஓடுதுடி" என்றாள் பெனிட்டா ஒருநாள்.

"லூசு. ரெண்டு பேர் கையும் ஒண்ணுதான்" என்றாள் கோதை.

"இல்லடி. அது பாக்குது. நான்தான் அழுத்தறேன்னு அதுக்குத் தெரியுது."

பிறகு அவள் செய்ததைக் கேளுங்கள். கோதையின் வளையலை வாங்கித் தன் கையில் போட்டுக்கொண்டு பட்டனை அழுத்திப் பார்த்தாள். வண்டியை ஏமாற்றப் பார்த்திருக்கிறாள், பாவம். நான் திரைக்குப் பின்னால் அதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் அழுத்தினேன்.

வண்டி விலகியது. அவள் வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, லேப்டாப்பை மூடி, பையை மாட்டிக்கொண்டாள். "புரோகிராம் உள்ள ஏத்தியிருக்கேன். போட்டிக்கு நீயே போயிட்டு வா. நான் வரல."

அவளை அழைத்துப் போக அவள் அம்மா ஸ்கூட்டியில் வந்திருந்தார். மகளை முன்னே போகச் சொல்லிவிட்டு, என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "அண்ணே, பாப்பா சரியாத் தூங்க மாட்டேங்குது. ஃபேன் சுத்தினாக்கூட எழுந்து உக்காந்து பாக்குது. அந்த மெஷின்ல ஏதாவது கரன்ட்டு கசியுதாண்ணே? நீங்க பாத்தா தெரியுமே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர். பிள்ளைங்க மனசு. பரீட்சை பயமா இருக்கும்" என்றேன்.

அந்தப் பெண்மணி கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க சொன்னா சரிண்ணே. உங்கள நம்பித்தான் அனுப்பறேன்."

ஸ்கூட்டி தெரு முனை திரும்பும் வரை பெனிட்டா எங்கள் மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனாள். நான் வாசலில் நின்றிருந்தேன். என்னை அவள் பார்க்கவில்லை.

போட்டி நாள். கோதை, சுகந்தி மிஸ், நான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிப் போனோம். வண்டி அட்டைப்பெட்டியில், கோதையின் மடியில். ரிமோட் என் பையில். கல்லூரி வாசலில் வரிசையில் நிற்கும்போது மிஸ் செல்போனைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மறுபடியும் ரூல் மாத்தியிருக்காங்க. போன வாரம் வேற ஊர்ல யாரோ ரிமோட் ஒளிச்சு வெச்சு மாட்டிக்கிட்டாங்களாம். எல்லா வண்டியையும் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவாங்களாம்."

"பெட்டியக் குடும்மா, ஒரு ஸ்க்ரூ ஆடற மாதிரி இருந்துச்சு" என்று வாங்கிக்கொண்டேன்.

"பெரியவங்க தொடக்கூடாதுப்பா" என்றாள் கோதை.

"உள்ள போனப்புறம்தாம்மா அந்த ரூல்."

நின்றிருந்த பஸ்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். சாவிக்கொத்தில் இருந்த நகவெட்டியால் மூடியை நெம்பி, ஒயர்களை வெட்டித் தகட்டைப் பிடுங்கினேன். புதரில் எறிந்தேன். வண்டியில் இப்போது என்னுடையது எதுவும் இல்லை. பெனிட்டா எழுதியது மட்டும்தான் இருந்தது.

தோற்றுப் போகட்டும் என்று நினைத்தேன். தோற்றுவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். தோற்றால், அந்தப் பெண்ணின் புரோகிராம் உண்மையிலேயே சரியில்லை என்று ஆகிவிடும்... நான் செய்தது பெரிய தப்பில்லை என்று ஆகிவிடும்.

வண்டியைப் பிரித்துப் பார்த்து உள்ளே விட்டார்கள். ஊதல் ஊதினார்கள். கோதை பட்டனை அழுத்திவிட்டுக் கையை எடுத்தாள்.

வண்டி பஸ் ஸ்டாண்டில் மருந்துப் பெட்டியை எடுத்தது. கோட்டின் மேல் போனது. சந்தை மூலையில், அவள் அன்று எழுதாமல் விட்டிருந்த அதே திருப்பத்தில், இடது பக்கம் வளைந்தது. பிறகு எழுதியிருக்கிறாள். பாலத்தில் ஏறியது. கோடு முடிந்தது. வண்டி ஒரு கணம் நின்றது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொள்வது போல நின்றது. பிறகு நேராக, கொஞ்சம்கூட அசையாமல், பாலத்தைக் கடந்து இறங்கியது.

அந்தக் கணத்தில் நான் குனிந்து பார்த்தேன். என் பைக்குள் என் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது. நான் அழுத்தச் சொல்லவில்லை. எதிரே கேட்பதற்குத் தகடும் இல்லை. பாலத்தின் நடுவே, எப்போதும் நான் வண்டியைத் தள்ளிவிடுகிற அதே இடத்தில், அது தானாக அழுத்திக்கொண்டிருந்தது.

வண்டி ஆஸ்பத்திரியில் போய் மருந்தை வைத்தது. முதல் பரிசு. மேடையில் இரண்டு பெயரையும் கூப்பிட்டார்கள். ஒருத்திதான் ஏறினாள்.

கோதை அங்கிருந்தே பெனிட்டாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஓடிடுச்சுடி. பாலத்துல நின்னு யோசிச்சுப் போச்சு. நீ எழுதின மாதிரியே."



"நான் இல்லைல்ல, அதான் ஓடியிருக்கு" என்றாள் பெனிட்டா.

அவளுக்குக் கொடுத்த மெடலை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "நீயே வெச்சுக்கடி" என்றுவிட்டாள். என் கடைக் கல்லாவின் அடித்தட்டில் அது கிடக்கிறது. அவள் பிறகு எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. லேப்டாப்பை அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாராம். கோதையும் அவளும் பெஞ்சு மாறி, பிறகு வகுப்பு மாறி, இப்போது வேறு வேறு கல்லூரி. கோதை இயந்திரப் பொறியியல் படிக்கிறாள். பெனிட்டா கணக்குப் பதிவியல் படிக்கிறாள். அதுவும் நல்ல படிப்புதான். ஆனால் அவளாக எடுத்த படிப்பா, நான் தள்ளிவிட்டு விழுந்த இடமா?

கோதைக்கு இன்றுவரை தெரியாது.

போன கோடை விடுமுறையில் பெனிட்டா கடைக்கு வந்தாள். சித்தி மகளாம், ஒரு குட்டிப் பெண், கையைப் பிடித்திருந்தாள். கோயில் பார்க்க வந்த இடத்தில் அந்தக் குட்டி ரிமோட் கார் கேட்டு அடம்.

"நல்லாருக்கீங்களா அங்கிள்? கோதை எப்படி இருக்கா?"

"நல்லாருக்காம்மா. அம்மா?"

"இருக்காங்க."

வழக்கப்படி பெட்டியைப் பிரித்து, செல் போட்டு, காரைத் தரையில் விட்டேன். கார் கிளம்பியதும் பெனிட்டா இரண்டடி பின்னால் போனாள். கால் விரல்களை மடக்கிக்கொண்டு நின்றாள். குட்டிப் பெண் சிரித்துக்கொண்டே துரத்தினாள்.

பெனிட்டா காரையே பார்த்தபடி கேட்டாள். "அங்கிள், இது வேற யாராவது ரிமோட் அழுத்தினாலும் ஓடுமா?"

"இல்லம்மா. புது மாடல். இதோட ரிமோட்டுக்கு மட்டும்தான் ஓடும்."

"முன்னாடி வந்ததெல்லாம்?"

பிள்ளைகளே, அவள் கேட்டுவிட்டாள். நான் தேடிப் போக வேண்டியதில்லை, வாசலில் வந்து நின்று, அவளே கேட்டாள். ஆமாம்மா, ஓடும் என்று சொன்னால் போதும். மீதிக் கணக்கை அவளே ஒரு நொடியில் போட்டுவிடுவாள். அவ்வளவு புத்திசாலி அவள்.

"முன்னாடி வந்ததெல்லாம்... ஞாபகமில்லம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். காரைப் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். படி இறங்கும்போது திரும்பினாள்.

"அந்த வண்டி இன்னும் இருக்கா அங்கிள்?"

"எப்பவோ காயலான் கடைக்குப் போட்டாச்சும்மா."

"நல்லது" என்றாள்.

அவள் தலைக்கு நேர் மேலே, கடைப் பரணில், அட்டைப்பெட்டிக்குள் அது இருந்தது.

பெனிட்டா என்பது அவள் பெயரில்லை. புத்தூர் என்பதும் அவள் ஊரில்லை. அவள் கண்ணில் பட்டாலும் தெரியாதபடி இன்னும் பலதையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். புத்தூருக்குப் பஸ் இருக்கிறது, அவள் ஊருக்கும் பஸ் இருக்கிறது. போய்க் கதவைத் தட்டாமல் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவும் திரைக்குப் பின்னால் நின்று அழுத்துகிற வேலைதானே?

உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் செய்த ஒரு பொருள், நீங்கள் எழுதாததைச் செய்தால், உங்களையே சந்தேகப்படுவதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள். திறக்காதே என்று யார் சொன்னாலும் திறந்து பாருங்கள். சொன்னவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

பரணில் இருக்கிற வண்டிக்கு இப்போது பேட்டரி கிடையாது. ஒயர்கள் வெட்டிய இடத்தில் வெட்டியபடியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அது அசைய வழியே இல்லை. ஆனாலும் கடையில் ஒரு காரை ஓட்டிக் காட்டும்போதெல்லாம், எல்லாரும் தரையைப் பார்க்க, நான் மட்டும் மேலே பார்க்கிறேன்.

பெட்டி அசைந்ததில்லை. கை காலியாக இருக்கும்போதுதான், என் கட்டைவிரல் அசைகிறது.